கிள்ளான் கரையின் வரலாறு – பகுதி 17: சேற்றில் தங்கும் எண்ணெய்

1997ஆம் ஆண்டு என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்குப் புகைமூட்டமும் ரிங்கிட் வீழ்ச்சியுமே நினைவுக்கு வரும். அதே ஆண்டின் இறுதியில் சிலாங்கூர்க் கரையில் எண்ணெய் ஒதுங்கியது என்ற செய்தி அவ்விரண்டின் நிழலில் மறைந்துபோயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று, ஏறத்தாழ 130,000 டன் கனரக எரியெண்ணெயுடன் சிங்கப்பூர் நீரிணையைக் கடந்துகொண்டிருந்த 'எவோய்கோஸ்' என்னும் சைப்பிரஸ் கொடிக் கப்பலும், சரக்கின்றி வந்த 'ஓராப்பின் குளோபல்' என்னும் தாய்லாந்து எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டதில், முதற்கப்பலின் மூன்று தொட்டிகள் பிளந்து சுமார் 29,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. தொடக்கத்தில் சிங்கப்பூரின் தென்தீவுகள் சிலவற்றைத் தொட்ட அவ்வெண்ணெய், பின்னர் திட்டுத்திட்டாகப் பிரிந்து மலாக்கா நீரிணைக்குள் வடமேற்காக நகர்ந்து, டிசம்பரில் சிலாங்கூர்க் கடற்கரையின் 40 கிலோமீட்டர் நீளத்தில் அங்கங்கே கரையேறியது.

கனரக எரியெண்ணெய் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் அடிக்கசடு. பெரிய கப்பல்களின் எஞ்சின்களுக்கும் சில மின்நிலையக் கொதிகலன்களுக்கும் அதுவே எரிபொருள். இலேசான எண்ணெய்களில் பெரும்பகுதி சில நாள் வெயிலிலேயே ஆவியாகிவிடும். கனரக எரியெண்ணெயோ அவ்வாறு எளிதில் ஆவியாவதில்லை, கடல்நீரை உள்வாங்கிக் குழம்பாகி, அலையில் அடிபட்டு, நாளடைவில் தார் உருண்டைகளாக இறுகிவிடும். மோதலுக்கும் கரையேறலுக்கும் இடையே வாரக்கணக்கில் காலம் கடந்தும் எண்ணெய் அழியாமல் சிலாங்கூர் வரை வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம். ஆனால் அது வந்து சேர்ந்த மாதமே இங்கு முதன்மையாகக் கவனிக்கத் தக்கது. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வலசை வரும் கரைப்பறவைகள், அதாவது நீரோரச் சேற்றிலும் மணலிலும் இரைதேடும் நெடுங்காற் பறவைகள், சிலாங்கூரின் சேற்றுத் திடல்களில் நிறைந்திருக்கும் மாதம் டிசம்பர்.

இத்தொடரின் சென்ற பகுதி, 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியதோடு நின்றது. துறைமுகத்தின் வரலாற்றைக் கப்பல்களையும் சரக்குகளையும் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. அக்கப்பல்கள் கடந்து சென்ற சேற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கோல சிலாங்கூரிலிருந்து காப்பார் வழியாகக் கெத்தாம் தீவு உள்ளிட்ட கிள்ளான் தீவுகள் வரை நீளும் கரையில் மணற்பரப்பு மிகக் குறைவு; ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மென்வண்டலும், அதைப் பற்றி நிற்கும் அலையாத்திக் காடுமே அதன் இயல்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகத்தருகே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 5 மீட்டரை எட்டுவதால், கடல் வற்றும்போது அலையாத்தி வேர்களுக்கு அப்பால் சேறு வெகுதூரம் வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில் புழுக்களும், சிறு நண்டுகளும், மலேசியர் 'கெராங்' என்று அழைக்கும் சிப்பியும் அதன் இனத்தைச் சேர்ந்த சிறு மட்டிகளும் செறிந்திருக்கின்றன. உப்புக்கொத்தி பார்வையால் தேடி மேற்பரப்பில் கொத்தும். பவளக்காலியும் பச்சைக்காலியும் ஆழமற்ற நீரில் துழாவும். மூக்கானும் கோட்டானும் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தி, அலகின் நுனியிலுள்ள நரம்புகளால் இரையின் அசைவை உணர்ந்து பற்றும். கடல் ஏறியதும் சேறு முழுவதும் மூழ்கிவிடுவதால், இப்பறவைகள் அடுத்த வற்றம் வரை காத்திருக்க உலர்ந்த வெட்டவெளி தேவைப்படுகிறது. கரையோரக் காடு பயிர்நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய பிறகு அத்தகைய இடங்கள் அருகிவிட்டன. காப்பார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்கள், யாரும் திட்டமிடாமலே, ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் கடல் ஏற்றத்தின்போது ஒன்றுகூடித் தங்கும் இடமாயின. உலகில் மிக அரிதாகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலியும் ஆசிய டவிச்சரும் இங்கே பதிவாகியுள்ளன.

இப்பறவைகளை முறையாக எண்ணும் பணி கோலாலம்பூரில்தான் உருப்பெற்றது. 1983இல் தொடங்கிய 'இண்டர்வேடர்' என்னும் ஆய்வுத் திட்டம், தென்கிழக்காசியக் கரைகளில் வலசைப் பறவைகள் எங்கெங்கே எத்தனை தங்குகின்றன என்பதை வரைபடமாக்க முனைந்தது. அதுவே பின்னர் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கிய ஆசிய ஈரநிலப் பணியகமாக வளர்ந்தது. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 1940இல் நிறுவப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தின் தன்னார்வலர்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். எண்ணெய் கரையேறிய பிறகு எண்ணிக்கை குறைந்ததா என்ற கேள்விக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், கரையேறுவதற்கு முன்னரே எண்ணிக்கை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வகையில், எந்தக் கப்பல் விபத்தையும் மனத்தில் கொள்ளாமல் 1980களில் சேற்றில் கால் புதைய நின்று எண்ணியவர்களின் உழைப்புக்கு இக்கரையின் வரலாற்றில் தனி இடம் உண்டு.

நீரிணையில் எண்ணெய்க் கசிவு 1997இல் புதிதாகத் தோன்றியதன்று. 1975 ஜனவரி 6 அன்று, பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பான் நோக்கிச் சென்ற 'ஷோவா மாரு' என்னும் பெருங்கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் பாறையில் தட்டி ஆயிரக்கணக்கான டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று கரையோர நாடுகளும் கப்பல் பாதையை ஒழுங்குபடுத்தக் கோருவதற்கு அவ்விபத்து வலுச் சேர்த்தது. எதிரெதிர்த் திசைகளில் செல்லும் கப்பல்களைத் தனித்தனித் தடங்களில் செலுத்தும் போக்குவரத்துப் பிரிப்பு முறை 1977இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் கலங்கரை விளக்கம் நிற்கும் பெர்மாத்தாங் செடெப்பா மணல்திட்டு அத்தடங்களின் முக்கியமான புள்ளிகளில் ஒன்று. 1992 செப்டம்பரில் நீரிணையின் வடமுனையில் 'நாகசாகி ஸ்பிரிட்' கப்பலும் 'ஓஷன் பிளெசிங்' கப்பலும் மோதித் தீப்பற்றியதில் மாலுமிகள் பலர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 12,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. எவோய்கோஸ் விபத்துக்கு மறு ஆண்டு, 1998 டிசம்பர் முதல் நாளிலிருந்து, நீரிணையைக் கடக்கும் பெரிய கப்பல்கள் தம் நிலையைக் கரைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. இவை யாவும் விபத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடுகள். விபத்து நேர்ந்தபின் சேற்றுக்கும் அதை நம்பி வாழும் உயிர்களுக்கும் என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு விடை தேட, வரலாற்றாசிரியர் மலாக்கா நீரிணையை விட்டு அலாஸ்காவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் குளிர்காலத்தில் கரைக்கு வந்து தங்கும் பறவையின்மீது எண்ணெயின் விளைவை மிக நீண்ட காலம், மிக நுணுக்கமாக ஆராய்ந்த இடம் அதுவே.

1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவின் பிளை பாறைத்திட்டில் மோதி, ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கரையில் 30,000-க்கும் மேற்பட்ட பறவைச் சடலங்கள் திரட்டப்பட்டன. மூழ்கியும் இரையாகியும் மறைந்தவற்றைச் சேர்த்து, இறந்தவை ஏறத்தாழ 250,000 இருக்கும் என மதிப்பிடப்பட்டது. எண்ணெய்ப் பூச்சால் பறவை இறக்கும் விதம் அதற்கு முன்னரே அறியப்பட்டதுதான். இறகு என்பது ஒரே தகடன்று: நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரிகின்றன, ஒவ்வொரு கிளையிலிருந்தும் அதனினும் நுண்ணிய கிளைகள் பிரிகின்றன, அவற்றின் நுனிக் கொக்கிகள் பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்கின்றன. இந்தப் பின்னல் சீராக இருக்கும் வரை நீர் உள்ளே புகுவதில்லை. அடியிலுள்ள மென்தூவியில் சிறைபட்ட காற்று உடற்சூட்டைக் காக்கிறது. எண்ணெய் பட்டதும் நுண்கிளைகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ள, பின்னல் திறந்து, பனிக்கடல் நேரே தோலைத் தொடுகிறது. பறவை தன் அலகால் இறகைக் கோதிச் சீர்செய்ய முயலும்போது அதே எண்ணெயை விழுங்கவும் செய்கிறது.

பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவின் உயிர்களில் ஹார்லிக்வின் வாத்து என்னும் கடல் வாத்து தனிக் கவனம் பெற்றது. கடல் வாத்து என்பது, குளத்திலும் வயலிலும் மேயும் வாத்தினங்களைப் போலன்றி, குளிர்காலத்தைக் கடலில் கழித்து, நீரில் மூழ்கி அடியிலுள்ள உயிர்களைத் தின்னும் வாத்தினங்களுக்குப் பொதுப்பெயர். ஹார்லிக்வின் வாத்து அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எடையுள்ள சிறிய பறவை. ஆண் பறவைக்குக் கருநீல உடலில் வெண்பட்டைகளும் விலாவில் செம்பழுப்பும் உண்டு. கோடையில் உள்நாட்டு மலையோடைகளில் கூடு கட்டும் இது, ஆண்டின் எஞ்சிய பெரும்பகுதியைப் பாறைக்கரையோரக் கடலில் கழிக்கிறது. குளிர்காலத்துக்கு ஒரு கரையைத் தேர்ந்துகொண்டால் ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே கரைக்குத் திரும்புகிறது. சிறிய உடலில் வெப்பம் விரைவில் இழக்கப்படுவதால், அலாஸ்காவின் குறுகிய குளிர்காலப் பகலில் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே அது செலவிட வேண்டியுள்ளது. சேமித்து வைக்க மிச்சம் இல்லாத வாழ்க்கை அது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பாறைகளில் ஒட்டியிருக்கும் நத்தைகளும் கூன்இறால் போன்ற சிற்றுயிர்களுமே அதன் உணவு. எண்ணெய் படிந்ததும் அதே பாறையிடுக்குகளில்தான்.

1995 முதல் 1998 வரையிலான குளிர்காலங்களில், டான் எஸ்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெண் வாத்துகளின் உடலில் சிறு வானொலிச் சமிக்ஞைக் கருவிகளைப் பொருத்தி, எவை பிழைக்கின்றன, எவை இறக்கின்றன என்று தொடர்ந்து கண்காணித்தனர். எண்ணெய் படாத கரைகளில் குளிர்காலத்தைத் தாண்டிய பெண் வாத்துகள் ஏறத்தாழ 84 விழுக்காடு. எண்ணெய் பட்ட கரைகளில் 78 விழுக்காடு. விபத்து நடந்து ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கரையில் சடலம் இல்லை, நீரில் படலம் இல்லை. ஆறு விழுக்காடு என்பது பார்வைக்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இவ்வினம் தாமதமாக இனப்பெருக்கம் தொடங்கி, ஆண்டுக்குச் சில குஞ்சுகளையே வளர்த்து, நீண்ட ஆயுளை நம்பி வாழ்வது. முதிர்ந்த பெண் வாத்துகளின் இழப்பை ஈடுசெய்ய அதற்கு வேறு வழி இல்லை.

இறப்புக்கும் பழைய எண்ணெய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. பெட்ரோலியத்தில் உள்ள பல்வளைய நறுமணச் சேர்மங்கள், அதாவது கார்பன் வளையங்கள் பல ஒன்றோடொன்று இணைந்த நச்சுப் பொருள்கள், உடலுக்குள் நுழைந்தால் அவற்றை உடைத்து வெளியேற்றக் கல்லீரல் சைட்டோகுரோம் பி450 1ஏ என்னும் நொதியைக் கூடுதலாக உண்டாக்கும். அந்நொதி உயர்ந்திருந்தால் அண்மையில் எண்ணெய் உட்சென்றிருக்கிறது என்று பொருள். நீர்மேல் விரித்த நுண்வலையில் வாத்துகளைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, கல்லீரலிலிருந்து மிகச் சிறு துண்டு எடுத்து, தையலிட்டு, மீண்டும் அதே கடலில் விட்டார்கள். 1998இல் எடுத்த மாதிரிகளில் எண்ணெய் பட்ட கரை வாத்துகளின் நொதி அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. 2011இலும் வேறுபாடு தெரிந்தது. 2013இலும் 2014இலும்தான் இரு கரைகளும் ஒன்றாயின. ஆக, கப்பல் மோதிய நாளிலிருந்து வாத்தின் உடல் எண்ணெயிலிருந்து விடுபட இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. 2010இல் சாமுவேல் ஐவர்சனும் எஸ்லரும் வெளியிட்ட கணக்கீடு, எண்ணெய் பட்ட பகுதிகளில் உடனடி இழப்பை 25 விழுக்காடு என்றும், மீட்சிக்கான காலத்தை 24 ஆண்டுகள் என்றும் மதிப்பிட்டது. பின்னாளில் மெல்ல மெல்ல நிகழ்ந்த இறப்புகளின் கூட்டுத்தொகை, முதல் நாள்களின் இறப்பை மிஞ்சியிருக்கக்கூடும் என்பது அதன் மிக முக்கியமான முடிவு. எக்ஸான் நிறுவனத்தின் ஆதரவில் ஆய்வு செய்த அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. கரைக்குக் கரை வாழிடம் இயல்பாகவே மாறுபடும் என்றும், எஞ்சிய எண்ணெய் பறவைகளை எட்டும் அளவில் இல்லை என்றும் வாதிட்டனர். அவ்வாதத்துக்கு விடை கரையிலேயே ஏற்கெனவே கிடைத்திருந்தது. 2001இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 9,000 குழிகள் தோண்டிப் பார்த்தபோது, ஆய்ந்த இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எண்ணெய் மண்ணுக்குள் இருந்தது. சில குழிகளில் அது இன்னும் நீர்மமாகவே கசிந்தது.

அலாஸ்காவின் பாறைக்கரையும் சிலாங்கூரின் சேற்றுக்கரையும் ஒன்றல்ல. வெப்பக் கடலில் பறவை குளிரால் உடனே மடிவதில்லை என்பதும் உண்மையே. எனினும் எண்ணெயை நெடுங்காலம் ஒளித்து வைப்பதில் வெப்பமண்டலச் சேறு அலாஸ்காவின் கூழாங்கற்கரைக்குச் சற்றும் குறைந்ததன்று. 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியக் கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆராய்ந்தவர்கள், நண்டு வளைகளின் வழியாக அது சேற்றுக்குள் ஆழமாக இறங்கியிருந்ததைக் கண்டனர். பெருவிரல் அகலமுள்ள ஒரு வளையை எடுத்துக்கொண்டால், நண்டு உயிருடன் இருக்கும்வரை அதைத் தூர்வாரி, காற்றும் நீரும் உட்செல்ல வழி வைக்கும். எண்ணெய் நுழைந்ததும் நண்டு மடிகிறது, வளை எண்ணெயால் நிறைகிறது, அடுத்து வரும் வண்டல் வாயை மூடிவிடுகிறது. காற்று புகாத அந்த ஆழத்தில் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே வேலை செய்வதால், பத்தாண்டு கடந்து தோண்டியபோதும் அது கருமையாகவே இருந்தது. 1986இல் பனாமா நாட்டின் காலேட்டா அருகே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொட்டி ஒன்றிலிருந்து 8 மில்லியன் லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் அலையாத்திக் காட்டில் பரவியதை ஆராய்ந்தவர்களும், ஆழச் சேற்றில் எண்ணெயின் நச்சு இருபதாண்டு அளவுக்கு நீடிக்கும் என்றே கணித்தனர். நண்டு வளைகள் நிறைந்த அலையாத்திச் சேறுதான் காப்பாரிலும் கெத்தாம் தீவிலும் இருப்பது. அலகைச் சேற்றுக்குள் செலுத்தி இரைதேடும் கோட்டானும் மூக்கானும், கண்ணுக்குத் தெரியும் படலம் போய்விட்ட பின்னும், அந்த அடுக்கைத்தான் தொடுகின்றன.

வெப்பக் கரையில் பறவைக்கு வரும் கேடு குளிர் வழியாக வராமல் பயணத்தின் வழியாக வருகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புவதற்கு முன் கரைப்பறவை இடைவிடாது தின்று, நீண்ட தொலைவு பறப்பதற்கான கொழுப்பை உடலில் சேர்க்கிறது. கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில், செயற்கைக் காற்றோட்டம் கொண்ட கூடத்தில் மேற்கத்திய உள்ளான்களைப் பறக்கவிட்டுச் செய்த சோதனைகள், சிறகின் ஓரங்களிலும் வாலிலும் சிறிதளவு எண்ணெய் பட்டாலே பறப்பதற்கு ஆகும் ஆற்றல் வெகுவாகக் கூடுகிறது என்று காட்டின. 2017இல் அவை வெளியாயின. கூடுதல் செலவுக்குக் கூடுதல் கொழுப்பு வேண்டும், அதைச் சேர்க்கக் கூடுதல் நாள் வேண்டும், தாமதமாகப் புறப்படும் பறவை சைபீரியக் கோடையின் குறுகிய இனப்பெருக்கக் காலத்தைத் தவறவிடக்கூடும். சிலாங்கூரில் பட்ட எண்ணெயின் விளைவு இவ்வாறு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கூட்டில் குஞ்சு இல்லாமையாக வெளிப்படலாம். அதைக் கரையில் சடலம் தேடி எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

அலாஸ்காவில் வாத்துகள் இருபத்தைந்து ஆண்டுகள் ஆராயப்பட்டதற்கு அறிவியல் ஆர்வம் மட்டும் காரணமன்று. அமெரிக்கச் சட்டத்தில் இயற்கை வளத்துக்கு நேர்ந்த சேதமும் இழப்பீட்டுக்கு உரியது; 1991இல் எக்ஸான் நிறுவனம் அமெரிக்க அரசுக்கும் அலாஸ்கா மாநிலத்துக்கும் 900 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது, அத்தொகையை நிர்வகிக்க ஓர் அறங்காவல் மன்றம் அமைந்தது, மீட்சிப் பணியோடு கண்காணிப்பு ஆய்வுகளுக்கும் அம்மன்றம் நெடுங்காலம் பணம் கொடுத்தது. மலேசியா இணைந்துள்ள பன்னாட்டு எண்ணெய் மாசு இழப்பீட்டு உடன்படிக்கைகளின் தன்மை வேறு. துப்புரவுச் செலவு, மீனவரின் வலைக்கும் படகுக்கும் நேர்ந்த சேதம், வருமான இழப்பு ஆகியவற்றுக்கு அவை ஈடு செய்கின்றன. சுற்றுச்சூழல் சேதத்தைப் பொறுத்தவரை, உண்மையில் மேற்கொள்ளப்படும் நியாயமான சீரமைப்பு நடவடிக்கைகளின் செலவு என்ற வரம்போடு நின்றுவிடுகின்றன. மீனவருக்கு விரைவில் பணம் கிடைப்பது அவ்வுடன்படிக்கைகளின் பெரும் நன்மை, அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனால் விற்பனைக்கு வராத ஓர் உள்ளானுக்கோ பச்சைக்காலிக்கோ என்ன நேர்ந்தது என்று இருபதாண்டு பின்தொடரும் ஆய்வுக்கு அந்த ஏற்பாட்டில் இயல்பான இடம் இல்லை. எவ்வுயிரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை, பல வேளைகளில், இழப்பீட்டுச் சட்டத்தின் ஒரு வரியே தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் வலசைப் பறவைக்கே உரியது. ஹார்லிக்வின் வாத்தின் எண்ணிக்கை குறைந்தால் அது தங்கும் கரையிலேயே பெரும்பாலும் காரணத்தைத் தேடலாம். காப்பாரில் ஒரு கரைப்பறவை இனம் குறைந்தால், காரணம் காப்பாரில் இருக்கலாம், அல்லது வழித்தங்கலுக்கு இறங்கும் மஞ்சள் கடலில் இருக்கலாம். தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் முற்றாக அடைத்தபோது, அச்சேற்றை நம்பி இறங்கிய பெரிய உள்ளான்கள் பெருந்தொகையாக மறைந்தன. அடுத்த ஆண்டு, 2007 டிசம்பர் 7 அன்று, அதே நாட்டின் தேயான் கரையருகே 'ஹெபெய் ஸ்பிரிட்' கப்பலிலிருந்து 10,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. கிழக்காசிய–ஆஸ்திரேலிய வலசைப்பாதை என்று அழைக்கப்படும் இவ்வான்வழியில் ஒரு பறவை ஓராண்டுக்குள் பல நாடுகளின் சேற்றை மிதித்துச் செல்வதால், ஒரு கரையின் கணக்கை மற்றக் கரைகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தாலன்றி எண்ணெயின் பங்கைப் பிரித்தறிய இயலாது. ஒரே மாதத்தில் பல நாடுகளிலும் நடக்கும் ஜனவரிக் கணக்கெடுப்பின் மதிப்பு இங்குதான் விளங்குகிறது.

கப்பலே வராமலும் சேற்றில் எண்ணெய் சேர்கிறது என்பதைக் காட்டியவர்கள், பூச்சோங்குக்கு அண்டையிலுள்ள செர்டாங்கில் அமைந்த மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் முகமது பௌசி சக்காரியாவும் ஜப்பானின் ஹிடேஷிகே தகாடாவும் அவர்களோடு உழைத்தவர்களும் ஆவர். பெட்ரோலியத்தில் ஹோப்பேன் என்னும் சேர்மக் குடும்பம் உண்டு. பழங்கால நுண்ணுயிர்களின் உடற்கூறிலிருந்து உருவான இவை எளிதில் சிதைவதில்லை, எண்ணெய் வயலுக்கு வயல் இவற்றின் விகிதம் மாறுவதால் ஒரு கசிவின் பிறப்பிடத்தைச் சொல்லும் கைரேகையாகப் பயன்படுகின்றன. மலேசியக் கரைகளில் பொறுக்கிய தார் உருண்டைகளில் மத்தியக் கிழக்கு எண்ணெயின் அடையாளமும் தென்கிழக்காசிய எண்ணெயின் அடையாளமும் இருந்தன. ஆனால் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் எடுத்த வண்டலைப் பற்றி 2002இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் நெருக்கமானது: அங்கே பெட்ரோலிய நச்சின் முக்கிய மூலங்களுள் ஒன்று வாகனங்களில் பயன்படுத்திக் கழித்த எஞ்சின் எண்ணெய். கோலாலம்பூரின் நடுவே ஓடி, பூச்சோங்கைத் தொட்டு, ஷா ஆலம், கிள்ளான் நகரங்களைக் கடந்து கடலில் சேரும் 120 கிலோமீட்டர் நீளக் கிள்ளான் ஆற்றின் இருமருங்கிலும் எத்தனையோ பட்டறைகளும் தொழிற்கூடங்களும் உள்ளன; அங்கே சாக்கடையில் ஊற்றப்படும் கறுத்த எண்ணெய் மழைநீரோடு ஆற்றில் இறங்கி, கடலின் ஏற்ற நீர் எதிர்கொள்ளும் இடத்தில் வண்டலோடு ஒட்டிக் கழிமுகச் சேற்றில் படிகிறது. 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகள் கழிவு மசகெண்ணெயை அட்டவணையிடப்பட்ட அபாயக் கழிவாகவே வகைப்படுத்தியுள்ளன. வாத்தின் கல்லீரலில் நொதியைத் தூண்டிய அதே வகைச் சேர்மங்கள் பழைய எஞ்சின் எண்ணெயில் நிறைந்துள்ளன; எஞ்சினில் எரிபொருள் எரியும்போது அவற்றின் அளவு மேலும் கூடுகிறது.

கப்பலிலிருந்தும் நிலத்திலிருந்தும் வரும் இவ்விரு வகைக் கேட்டையும் தமிழகத்தின் எண்ணூர்க் கழிமுகம் அடுத்தடுத்துக் கண்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' ஆகிய கப்பல்கள் மோதியதில் கரையேறிய எண்ணெயை, மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பரவி, அலையாத்தி வேர்களிலும் மீனவர் படகுகளிலும் படிந்தது. வெண்மை மங்கிக் கறைபடிந்த கூழைக்கடாக்கள் அப்பகுதியில் காணப்பட்டன. டிசம்பர் அங்கும் வலசைப் பறவைகள் பழவேற்காட்டு ஏரியை நோக்கித் திரளும் மாதமே. நச்சு நீரை உறிஞ்சி எடுத்ததும், படகுகளைக் கழுவியதும், மீனவருக்கு உதவித்தொகை வழங்கியதும் சில வாரங்களில் முடிந்தன. சேற்றுக்குள் இறங்கியதை அளக்கும் வேலை அதன்பிறகுதான் தொடங்க வேண்டியது.

சிலாங்கூர்க் கரையில் அத்தகைய ஆய்வுக்கு வேண்டிய உறுப்புகள் தனித்தனியே உள்ளன. முந்தைய எண்ணிக்கைக்கு 1980களின் இண்டர்வேடர் பதிவுகளும் தொடர்ந்து வந்த ஜனவரிக் கணக்குகளும். எண்ணெயின் பிறப்பிடத்தை அறிய ஹோப்பேன் பகுப்பாய்வு. பறவையின் உடல்நிலையை அறிய, அலாஸ்காவில் செய்ததுபோல் பிடித்து மாதிரி எடுத்து விடுவிக்கும் முறை. ஒப்பீட்டுக்குக் கடினமான பகுதி, எண்ணெய் படாத ஒரு கரையைக் கண்டுபிடிப்பதே. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் நீரிணையில், கழிவு எண்ணெய் சுமந்த ஆறுகள் கலக்கும் கரையில், முற்றிலும் தூய சேறு எங்கும் எளிதில் கிட்டாது. எனவே குறைவாக மாசுபட்ட கழிமுகம் ஒன்றையும் கிள்ளான் கழிமுகத்தையும், ஒரே பறவையினத்தை வைத்து, ஒரே பருவத்தில் ஒப்பிடுவதே நடைமுறைக்கு உகந்தது. வலசை புறப்படுவதற்கு முந்தைய மார்ச் மாதம், பறவை மிகுதியாகத் தின்னும் காலமாதலால், அதற்கு ஏற்ற வேளை. வருகை குறைந்துவரும் அரிய இனத்தைத் தேர்ந்தால் மாதிரி எடுப்பதே கேடாகிவிடும் என்பதால், இன்னும் ஏராளமாக உள்ள பவளக்காலியே இதற்குப் பொருத்தமான இனம்.